கதவைச் சாத்தி உண்ட கீரை

மாரி மழை இரண்டு பாட்டம் பெய்தால் போதும், எமது வளவுகளின் தோற்றமே மாறிவிடும். நேற்றுவரை வறண்டு கிடந்த கோடிப்புறத்திலே சாரணை பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும். எரு குவித்த இடத்தில் குப்பைக்கீரை தலை நீட்டும். கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தழைக்கும். கிளுவை வேலியைப் பற்றிக்கொண்டு முசுட்டையும் முடக்கொத்தானும் ஏறும். ஒழுங்கையோரத்தில் தகரை முளைத்து நிற்கும். இவற்றை ஒருவரும் விதைக்கவில்லை, ஒருவரும் தண்ணீர் இறைக்கவில்லை, பசளையும் போடவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, எல்லாவற்றையும் மண்வெட்டியாற் செருக்கி, வேலியோரத்திற் குவித்துக் காயவிட்டுக் கொளுத்துகிறோம். வளவு துப்புரவாயிற்று என்று மனநிறைவு கொள்கிறோம். அன்று பின்னேரமே சந்தைக்குப் போய், காசு கொடுத்து ஒரு பிடி கீரை வாங்கி வருகிறோம்.

இதிலே என்ன குற்றம் என்று வாசகர்கள் கேட்கலாம். குற்றம் ஒன்றுமில்லைத்தான். அவரவர் வளவை அவரவர் விரும்பியவாறு வைத்திருக்கலாம். ஆனால் இந்தச் சிறிய செயலுக்குள்ளே ஒரு பெரிய கேள்வி மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. விலை கொடுத்து வாங்கினால் அது உணவு. விலையின்றி வாசலுக்கு வந்தால் அது குப்பை. இப்படி எண்ண எமக்கு யார் கற்றுத் தந்தார்கள்? பொருளைப் பற்றிய இந்த எண்ணம் அதை உண்கின்ற மனிதரைப் பற்றிய எண்ணமாகவும் மாறிவிடுகின்றதல்லவா?

களை என்பது எது?

முதலிலே விவசாயிக்கு நியாயம் செய்வோம். வெங்காயத் தறையில் சாரணை படர்ந்தால், அது வெங்காயத்துக்கு இட்ட பசளையையும் இறைத்த தண்ணீரையும் பங்கு போட்டுக்கொள்ளும். நெல் வயலிலும் அப்படித்தான். அங்கே அதனைப் பிடுங்குவது விவசாயியின் கடமை. கடன்பட்டு விதைத்தவனிடம் போய், களையிலும் நன்மை உண்டு என்று உபதேசிப்பது பொருத்தமன்று.

ஆனால் கோடிப்புறத்திலே எந்தப் பயிருக்கு அது இடையூறு? களை என்பது ஒரு செடியின் இனத்தைக் குறிக்கும் பெயரன்று. அது நிற்கும் இடத்தைக் குறித்து நாம் சொல்லுகின்ற தீர்ப்பு. சந்தையிலே விற்கின்ற முளைக்கீரையும், எருக்கும்பியில் முளைக்கின்ற குப்பைக்கீரையும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றைப் பாத்தி கட்டி விதைக்கிறோம். மற்றது தானே வருகின்றது. ஒன்றுக்குப் பெயர் மரக்கறி. மற்றதற்குப் பெயரிலேயே குப்பை வந்து ஒட்டிக்கொண்டது. சத்திலே குப்பைக்கீரை ஒன்றும் இளைத்ததன்று. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் விற்றமின்களும் அதிலும் உண்டு. குறைந்தது அதன் மதிப்பே. அதைக் குறைத்தவர்கள் நாங்கள்.

ஒரு பழைய குற்றம்

நான் சிறுவனாயிருந்தபோது செய்த ஒரு குற்றத்தை இங்கே சொல்லவேண்டும். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஏழாம் வகுப்பிலே படித்த காலம். மத்தியான இடைவேளையில் மரநிழலில் வட்டமாயிருந்து சாப்பிடுவோம். எமது வகுப்பிலே ஒரு பிள்ளை இருந்தாள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியிலே மழைக்காலம் முழுவதும் அநேகமாக ஒரே சாப்பாடுதான்: சோறும் குப்பைக்கீரையும். ஒரு நாள் நான் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாக, "ஆட்டுக்குப் போடுறதை நீ கொண்டந்திட்டாய், உங்கடை ஆடு இண்டைக்குப் பட்டினியோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் தொடக்கம் அவள் பெட்டியின் மூடியை ஒரு கையாற் சாய்த்துப் பிடித்து மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அந்த ஆண்டு முடியும்வரை அப்படியே சாப்பிட்டாள்.

இதிலே வெட்கத்துக்குரிய விஷயம் இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டிலும் அம்மா அதே குப்பைக்கீரையைப் பிடுங்கிக் கடைந்து தருவார். முசுட்டை இலை வறையென்றால் எனக்கு உயிர். அப்படியிருக்க, அவளுடைய பெட்டியைக் கண்டு நான் ஏன் சிரித்தேன்? எங்கள் வீட்டிலே கீரைக்குப் பக்கத்தில் மீன்குழம்பு இருந்தது. அவளுடைய பெட்டியிலே கீரை தனியாக இருந்தது. நான் சிரித்தது கீரையைக் கண்டல்ல. அதற்குப் பக்கத்திலே ஒன்றும் இல்லாததைக் கண்டுதான்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் பத்துப்பாட்டிலே ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் படித்தபோது எனக்குத் திடுக்கிட்டது. நல்லூர் நத்தத்தனார் என்னும் புலவர் நல்லியக்கோடனைப் பாடியது அது. அதிலே ஒரு பாணனுடைய வீட்டு வறுமை சொல்லப்படுகின்றது. அடுக்களையிலே காளான் பூத்துக் கிடக்கின்றது. குட்டி ஈன்ற நாய், பாலுக்கு முட்டும் குட்டிகளின் தொல்லை தாங்காமற் குரைக்கின்றது. வீட்டுப் பெண் குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளியெடுத்து உப்புமில்லாமல் அவிக்கின்றாள். பின்பு, அறிவில்லாதவர்கள் காண்பார்களே என்று நாணித் தலைவாசலை அடைத்துவிட்டு, தன் சுற்றத்தாரோடு கூடியிருந்து அதை உண்கின்றாள்.

அறிவில்லாதவர்கள் என்று புலவர் யாரைச் சொல்லுகின்றார்? குப்பைக்கீரையைத் தின்பவளையல்ல, அதைப் பார்த்து ஏளனம் செய்யக்கூடியவர்களைத்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் புலவர் ஒருவர் இந்த வழக்கிலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மரநிழலிலே மூடியைச் சாய்த்துப் பிடித்த அந்தப் பிள்ளையும், கதவைச் சாத்திய அந்தப் பாணர் குலப் பெண்ணும் எனக்கு ஒருத்தியாகவே தெரிந்தார்கள். அவர்கள் யாருக்கு அஞ்சி மறைத்தார்களோ, அந்த அறிவிலிகளுள் நானும் ஒருவன்.

கணக்குப் பாராத உணவு

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து மழையிலே தென்மராட்சிக்கு நடந்ததை எம்மிற் பலர் அனுபவித்தவர்கள். எங்கள் குடும்பமும் அதிலே ஒன்று. முன்பின் அறியாத ஓர் ஆச்சியின் வீட்டு விறாந்தையிலே எமக்கு இடம் கிடைத்தது. எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள். ஆச்சியிடம் இருந்ததோ கொஞ்ச அரிசியும் வளவிலே இருந்த தென்னைகளும்தான். காலையில் எழுந்ததும் சுளகை எடுத்துக்கொண்டு கோடிக்குள் போவார். சாரணை, முடக்கொத்தான், முசுட்டை, வல்லாரை என்று மழைக்கு முளைத்தவற்றைக் கிள்ளி வந்து, அரைத்து, கைப்பிடி அரிசியோடு பெரிய பானையிலே இலைக்கஞ்சி காய்ச்சுவார். கடைசியிலே தேங்காய்ப்பால் விட்டு இறக்குவார். அத்தனை பேருக்கும் அதுதான் காலைச் சாப்பாடு.

எனக்குக் கூச்சமாயிருந்தது. "ஆச்சி, உங்களுக்கு நாங்கள் பெரிய கரைச்சல்" என்றேன். ஆச்சி அகப்பையை வைக்காமலே, "இது மழை தந்தது தம்பி. இதுக்கு ஆர் கணக்குப் பாக்கிறது? ஆறமுன்னம் குடியுங்கோ" என்றார்.

அந்த நாட்களை இனிய நாட்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீடிழந்து வந்தவர்களின் பசி அது. அந்த மழையிலே முதியவர்களையும் நோயாளிகளையும் இழந்த குடும்பங்கள் உண்டு. ஆயினும் ஆச்சி சொன்ன சொல்லை நான் பலமுறை சிந்தித்ததுண்டு. காசு கொடுத்து வாங்கிய மரக்கறியை அவர் சமைத்துத் தந்திருந்தால், கொடுத்தவர் அவர், வாங்கியவர்கள் நாங்கள். எமது கூச்சத்துக்கு நியாயம் இருந்திருக்கும். ஆனால் ஒருவரும் விதைக்காத ஒன்றை உண்ணும்போது வீட்டுக்காரரும் விருந்தாளிதான். அந்தப் பானைக்கு முன்னாலே ஆச்சியும் நாங்களும் ஒரே பந்தியில் இருந்தவர்கள். அந்த வீட்டிலே கதவைச் சாத்த வேண்டிய தேவை ஒருவருக்கும் இருக்கவில்லை.

மனிதன் தன் உழைப்பினால் உண்ணவேண்டும் என்பது நல்ல நெறி. ஆயினும் நாம் உண்பதெல்லாம் எமது உழைப்பின் பயன்தான் என்று எண்ணத் தொடங்கினால், எம்மிடம் இருப்பதெல்லாம் எமது தகுதியால் வந்தது, இல்லாதவனிடம் இல்லாததும் அவனுடைய தகுதியின்மையால் வந்தது என்ற எண்ணம் தானே வந்துவிடும். மழையையும் மண்ணையும் சம்பாதித்தவர் எவர்? கோடிப்புறத்துக் கீரை இதனைச் சத்தமில்லாமல் எமக்கு நினைவூட்டுகின்றது.

பசித்தவனுக்கு உபதேசம்

இங்கே ஒரு பெரிய ஆபத்தையும் சொல்லவேண்டும். கீரையின் பெருமையைச் சொல்லுகின்றவர்கள் எளிதிலே தவறுகின்ற இடம் இதுதான்.

2022ஆம் ஆண்டு எமது நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தருவதற்கும் அவ்வாண்டு தீர்மானிக்கப்பட்டது. "உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள், எத்தனை இலைவகை இருக்கின்றது" என்று பலரும் பலருக்கும் புத்தி சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வளவு உள்ளவருக்கு அது நல்ல புத்திதான். ஆனால் மலையகத்தின் லயன் காம்பராவிலே இருக்கும் குடும்பத்துக்கு வளவு எங்கே? கொழும்பிலே அடுக்குமாடியில் ஓர் அறைக்குள் வாழ்பவருக்குக் கோடிப்புறம் எங்கே? வளவு இருந்தாலும், கீரை சோற்றுக்குத் துணையே தவிர, அதுவே சோறாகிவிடாது. கீரையிலே சத்துண்டு, ஆனால் வளருகின்ற பிள்ளைக்கு வேண்டிய மாச்சத்தையும் புரதத்தையும் அது ஒன்றே தந்துவிடாது. அதற்கு அரிசி வேண்டும், பருப்பு வேண்டும், முட்டையோ மீனோ பாலோ வேண்டும். இவற்றை வாங்க வழியில்லாத ஒரு தாயிடம், கீரையைப் பிடுங்கிச் சமையுங்கள் என்று சொல்லிவிட்டு எமது கடமை முடிந்ததென்று நாம் திரும்பினால், நான் ஏழாம் வகுப்பிலே செய்த ஏளனத்தையே மரியாதையான சொற்களில் மறுபடி செய்தவராவோம். அவளுக்குத் தேவை கீரைக்குப் பக்கத்திலே வைக்க இன்னொன்று.

விரும்பி உண்பவனும் வேறு வழியின்றி உண்பவனும் ஒரே கீரையை உண்ணலாம். ஆனால் இருவருடைய நிலையும் ஒன்றல்ல. தவக்காலத்திலே சுத்தபோசனமென்று மரக்கறியோடு உண்கின்றோம். அது நாமே தெரிந்துகொண்ட எளிமை. அந்த எளிமையால் மிஞ்சிய காசு எங்கே போகின்றது என்பதையும் நாம் கேட்கவேண்டும். அது எமது பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டால் நாம் செய்தது சிக்கனம் மட்டுமே. தெரிந்துகொள்ள வழியில்லாத ஒருவருடைய கலத்துக்கு அது போய்ச் சேர்ந்தால்தான் அந்த எளிமைக்குப் பொருள் உண்டு.

அறியாமல் உண்ணுதல்

கோடிப்புறத்திலே முளைப்பதெல்லாம் உண்ணத்தக்கது என்றும் எவரும் எண்ணிவிடக்கூடாது. அரசர் நூலிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. கில்காலிலே பஞ்சம். எலிசேயு இறைவாக்கினரோடு இருந்தவர்களுக்காகக் கீரை பிடுங்கப் போன ஒருவன், காட்டுக்கொடி ஒன்றின் காய்களை மடி நிறையப் பறித்து வந்து, இன்னதென்று அறியாமலே அரிந்து பானையிலே போட்டுவிட்டான். வாயில் வைத்ததும், பானைக்குள்ளே சாவு இருக்கின்றது என்று எல்லாரும் அலறினார்கள். அவனுடைய எண்ணம் நல்லதுதான்; அறிவுதான் குறைவு. ஒரு பானைக் கூழைக் கெடுக்க அது போதுமாயிருந்தது.

நற்செய்தியிலே வருகின்ற களையும் அப்படிப்பட்டதுதான். கோதுமையைப் போலவே முளைக்கும் அந்தப் புல்லின் மணி, மாவோடு கலந்தால் உண்டவரை நோயாளியாக்கும். ஆயினும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாமென்று நிலத்துக்காரர் தடுக்கின்றார். ஏனெனில் களையைப் பிடுங்குகின்ற கை பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடலாம். எது நல்லது, எது தீயது என்று பகுத்தறியப் பொறுமை வேண்டும்.

எமது ஊர்களிலும் அப்படியே. ஊமத்தை வளவுக்குள்ளே தாராளமாய் முளைக்கும். அதன் இலையும் விதையும் நஞ்சு. பார்த்தீனியம் கரட் இலை போன்ற இலையோடு வெறுங்காணிகளை நிறைக்கின்றது. அதைத் தொட்டாலே பலருக்குத் தோல் அரிப்பு உண்டாகும். களைகொல்லி தெளித்த நிலத்திலும், கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலும், வாகனப் புகையும் தூசியும் படிகின்ற வீதியோரத்திலும் நல்ல கீரைகூட நல்லதன்று. சாரணை, பொன்னாங்காணி முதலியவற்றை அவித்து நீரை வடித்த பின் சமைப்பது நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிப் பெண்களும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த அறிவு கைமாற வேண்டும். எமது பாட்டிமார் இலையைக் கசக்கி மணந்து பார்த்தே பெயர் சொன்னவர்கள். எது கறிக்கு, எது கஞ்சிக்கு, எது மருந்துக்கு மட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவைப் பெற்ற கடைசித் தலைமுறை இன்று எமது வீடுகளிலே சாய்மனைக் கதிரையில் இருக்கின்றது. அவர்களை எழுப்பிக் கோடிக்குள் அழைத்துப் போய், பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாய்க் காட்டச் சொல்லுங்கள். ஐயமுள்ள இலையை ஒருபோதும் பானையிலே போடவேண்டாம்.

வேலியும் மதிலும்

முன்னாளிலே எமது வளவுகளைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்ட உயிர்வேலி இருந்தது. அதிலே படர்ந்த முசுட்டையும் முடக்கொத்தானும் யாருக்குச் சொந்தம்? அந்தப் பக்கத்திலே நின்றவர் அந்தப் பக்கத்திலே பறித்தார். இந்தப் பக்கத்திலே நின்றவர் இந்தப் பக்கத்திலே பறித்தார். காணியில்லாத ஏழைப் பெண் ஒழுங்கையால் போகும்போது மடியிலே கிள்ளிக்கொண்டு போனாள். எவரும் அவளைக் கள்ளி என்று சொல்லவில்லை. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொன்ன இஸ்ராயேலரின் சட்டம், எமது வேலிகளிலே எழுதாத வழக்கமாய் இருந்தது.

இன்று வேலி போய் மதில் வந்துவிட்டது. மதில் பாதுகாப்பானது, ஆண்டுதோறும் அடைக்கவும் தேவையில்லை. மதில் கட்டியவர்களை நான் குறை கூறவில்லை. எனது வீட்டுக்கும் மதில்தான். ஆனால் மதிலிலே முசுட்டை படராது. அந்த ஏழைப் பெண் கிள்ளுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அவள் இப்போது எமது படலையைத் தட்டிக் கேட்கவேண்டும். கேட்பதற்கு நாணித்தான் அன்று கதவுகள் சாத்தப்பட்டன.

ஆகவே இந்த மாரியில் நாம் ஒன்று செய்யலாம். வளவைச் செருக்க ஆள் பிடிப்பதற்கு முன் ஒருமுறை கோடிப்புறத்தைச் சுற்றி வாருங்கள். நன்கு தெரிந்த கீரையை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளுங்கள், மறுபடி தழைக்கும். சிலவற்றை விதை கொட்டவும் விடுங்கள். அயல் வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள். எடுத்துக்கொள்ள விரும்புகின்ற ஒருவருக்குப் படலை திறந்திருக்கின்றது என்று தெரியச் செய்யுங்கள். கீரையோடு ஒரு கொத்து அரிசியும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டு போகும் பெட்டியிலும் அந்தக் கீரையை வையுங்கள். பக்கத்திலிருக்கும் பிள்ளையின் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதையும் கூடவே சொல்லி அனுப்புங்கள்.

என்னோடு படித்த அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கின்றாள் என்று எனக்குத் தெரியாது. போர்க்காலத்திலே எத்தனையோ பேர் சிதறிப் போனார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. மழை பெய்து குப்பைக்கீரை முளைக்கும்போதெல்லாம் அவளுடைய பெட்டியின் மூடியே என் கண்முன் வருகின்றது. எங்கள் வீட்டிலே அன்றைக்குக் கீரை சமைத்தால், சாப்பிடும்போது முன்கதவைத் திறந்தே வைக்கிறேன். வருகின்றவர் எவரானாலும், "வாருங்கோ, கீரைதான், இருந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லப் பழகியிருக்கிறேன்.